கடுக்காயும் கிருமியும்: கனிச்சாரம் பற்றிய ஆய்வில் சொல்லாராய்ச்சியின் இடம்

தமிழ் மருத்துவ நூல்கள் கூறும் காய்கனிகளின் சாரத்தை வடித்தெடுத்து, அது நோய் விளைக்கும் நுண்ணுயிர்களை ஒடுக்குகின்றதா என ஆராய்வது, இந்நாளில் தாவரவியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகிய துறைகளில் பெருவழக்காகியுள்ளது. அவ்வாய்வேடுகளின் முன்னுரைகளில் சித்த மருத்துவ நூல்கள் சான்றாகக் காட்டப்பெறுகின்றன. மற்றொருபால், அவ்வாய்வேடுகளின் முடிவுகளைத் தமிழ் ஆய்வாளர் சிலர் எடுத்துக்கொண்டு, நுண்ணுயிர்களின் இயல்பை நம் முன்னோர் பண்டே அறிந்திருந்தனர் எனத் துணிந்துரைக்கின்றனர். அறிவியலார்க்கு நூல் சான்றாகின்றது. நூலறிவார்க்கு அறிவியல் சான்றாகின்றது. இருவரும் ஒருவரையொருவர் நம்பி நிற்கும் இந்நிலையில், நூலிலுள்ள சொல் எதனைக் குறிக்கின்றது என்னும் அடிப்படை வினாவை எழுப்புவார் அரியர்.

அவ்வினா தமிழ்த் துறைக்கே உரியது. நூல் கூறும் மரம் எது, அதன் எவ்வுறுப்பு எப்பருவத்தில் கொள்ளப்பெற்றது, எம்முறையில் அது மருந்தாக்கப்பெற்றது, எந்நோய்க்கு அது கூறப்பெற்றது என்னும் நான்கினையும் தெளிந்த பின்னரே நூலும் ஆய்வுக்கூடமும் ஒன்றற்கொன்று சான்றாக இயலும். இதனை இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தினை நிலைக்களனாகக் கொண்டு, கடுக்காயைத் தலைமை எடுத்துக்காட்டாக வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் பொருளும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையாக மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கின்றது. திருவில்லிபுத்தூர்க்கு மேற்கே செண்பகத்தோப்பும், இராசபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவில் காடும், வத்திராயிருப்பினை அடுத்துச் சித்தர் வாழிடம் எனப் போற்றப்படும் சதுரகிரியும் அம்மலையடிவாரத்தில் அமைந்தவை. இக்காடுகளில் 1988-இல் சாம்பல் நிற அணிலின் பொருட்டு ஒரு சரணாலயம் அமைக்கப்பெற்றது. 2021-இல் அது மேகமலைப் பகுதியோடு இணைந்து திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. அடிவாரத்து வறண்ட இலையுதிர் காடுகளில் நெல்லியும் தான்றியும் கடுவும் வளர்வன. இம்மூன்றன் காய்களும் சேர்ந்ததே திரிபலை எனப்படும் மருந்து. இம்மலைகளில் வாழும் பளியர் காட்டுப்பொருள்களைத் தேர்ந்து எடுப்பதில் வழிவழிப் பயிற்சி உடையவர்.

மலையடிவாரத்தை விட்டுச் சமவெளிக்கு வரின், வேறொரு தொழில் நம் கருத்தை ஈர்க்கின்றது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, புண்களுக்குக் கட்டும் மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். இராசபாளையத்தில் மருத்துவப் பஞ்சும் கட்டுத்துணியும் செய்வதற்கென்றே இராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் 1939-இல் நிறுவப்பெற்றது. எனவே புண்ணைக் கழுவும் காய் விளையும் மலையும், புண்ணை மூடும் துணி நெய்யும் ஊரும் ஒன்றற்கொன்று அண்மையில் உள்ளன. பருத்தித் துணியில் கனிச்சாரத்தை ஏற்றி நுண்ணுயிரைத் தடுக்கலாகுமா என்னும் வினா, இவ்வட்டாரத்தில் ஏட்டளவில் நில்லாது தொழிலையும் தொடுவதாகும்.

2. ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது

சொல்லாராய்ச்சிக்குப் புகுமுன், ஆய்வுக்கூடத்தார் செய்வது இன்னதென அறிதல் வேண்டும். காயை நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலோ சாராயச் சத்திலோ பிற கரைப்பானிலோ ஊறவைத்து வடிப்பர். பின்னர்க் கரைப்பானை நீக்க எஞ்சுவதே சாரம். அகார் எனப்படும் பாசிக்கூழ் பரப்பிய கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவை விதைத்து, சாரம் தோய்த்த சிறு தாள்வட்டினை அதன்மேல் வைத்து, உடற்சூட்டினை ஒத்த 37 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாள் வைப்பர். தட்டு முழுதும் பாக்டீரியா படர்ந்திருக்க, வட்டினைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராத தெளிந்த வளையம் தோன்றின், சாரம் நுண்ணுயிரைத் தடுத்தது என்பர். வளையத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து பட்டியலிடுவர்.

இவ்வளவையைப் பொருள்கொள்வதில் விழிப்பு வேண்டும். வளையத்தின் அகலம் சாரத்தின் ஆற்றலை மட்டும் காட்டுவதன்று; சாரத்திலுள்ள பொருள் பாசிக்கூழினூடே எவ்வளவு எளிதில் பரவுகின்றது என்பதனையும் காட்டுவது. பெரிய மூலக்கூறுகள் மெல்லப் பரவும். ஆற்றல் மிக்கிருந்தும் குறுகிய வளையமே தரும். ஆதலின் சாரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, எவ்வளவு குறைந்த செறிவில் நுண்ணுயிரின் வளர்ச்சி நிற்கின்றது எனக் காண்பதே உறுதியான முறை. தாவரச் சாரம் ஒன்று மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமிற்கும் குறைந்த செறிவில் செயற்படின் அது கருதத்தக்கது எனவும், 1 மில்லிகிராமிற்கு மேற்பட்ட செறிவில் சோதனை செய்வதைத் தவிர்த்தல் வேண்டும் எனவும் ரியோஸ், ரெசியோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் இருவர் 2005-இல் எடுத்துரைத்தனர். எப்பொருளையும் மிகச் செறிவாக இட்டால் ஏதேனும் ஒரு நுண்ணுயிர் அழியும். உப்பும் வெல்லமுங்கூட அவ்வாறு செய்யும். ஊறுகாய் கெடாதிருத்தல் இதனாலன்றோ?

கடுக்காயின் ஆற்றலுக்கு முதன்மையான காரணம் அதன் துவர்ப்பு. உலர்ந்த கடுக்காய்த் தோலில் டானின் எனப்படும் துவர்ப்பொருள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு உளது. செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம், காலிக் அமிலம், எலாஜிக் அமிலம் முதலியன அதனைச் சார்ந்தவை. துவர்ப்பொருள் புரதத்தோடு பிணையும் இயல்பினது. நாவில் பட்டவுடன் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றுவதால் வாய் சுருங்குவது போன்ற உணர்ச்சி உண்டாகின்றது. பச்சைத் தோலின் புரதத்தைப் பற்றுவதால் அது அழுகாத பதனிட்ட தோலாகின்றது. பாக்டீரியாவின் புறவுறைப் புரதங்களையும் நொதிகளையும் பற்றுவதாலும், அதற்கு இன்றியமையாத இரும்புச் சத்தினைக் கவர்ந்துகொள்வதாலும் அதன் வளர்ச்சி தடைப்படுகின்றது. நாவறிந்த துவர்ப்பும், தோற்பதனிடுவோர் அறிந்த பயனும், நுண்ணோக்கியார் அறிந்த விளைவும் ஒரே இயல்பின் மூன்று வெளிப்பாடுகளாம்.

இதனின்று பெறப்படும் எல்லையும் உண்டு. கண்ட புரதத்தையெல்லாம் பற்றும் பொருள் குருதியிற் புகுந்து நோய்க்கிருமியை மட்டும் தேர்ந்து அழிக்கும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. புண்ணின் மேற்பரப்பு, வாய், குடல் முதலிய இடங்களிலேயே அது நேரே செயற்பட இடமுண்டு. கடுக்காயும் திரிபலையும் புண் கழுவும் நீராகவும், வாய் கொப்பளிக்கும் நீராகவும், பற்பொடியாகவும் வழங்கி வந்துள்ளமை இவ்வெல்லையோடு பெரிதும் ஒத்து நிற்கின்றது. கடுக்காயின் நீர்ச்சாரம் பற்சிதைவை விளைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியாவைத் தடுப்பதாகவும், அதன் 10 விழுக்காட்டுக் கரைசலால் வாய் கொப்பளித்தபின் உமிழ்நீரில் பாக்டீரியாவின் எண்ணிக்கை குறைந்ததாகவும் 1999-இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று கூறிற்று. பழைய வழக்கும் புதிய சோதனையும் இங்ஙனம் ஒத்துவருமிடத்து, அவ்வழக்கிற்கு அடிப்படையாக இருந்த கருத்தும் நம் காலத்துக் கருத்தே எனக் கொள்ளலாமோ? அதனை அடுத்து நோக்குவோம்.

3. கிருமி என்னும் சொல்

கிருமி என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் முதற்பொருள் புழு என்பதே. வைணவ குருபரம்பரை நூல்கள் இராமானுசர்க்குத் துன்பம் இழைத்ததாகக் கூறும் சோழனைக் கிருமிகண்டன் என வழங்கும். கழுத்திற் புழு வைத்தவன் என்பதே அப்பெயரின் பொருள். அங்கே கிருமி கண்ணாற் காணத்தக்க உயிர். வாய்விளங்கம் என்னும் காட்டுக்கொடியின் சிறுகனிக்கு வடமொழியில் கிருமிக்னம், அஃதாவது கிருமியைக் கொல்வது, என ஒரு பெயர் உண்டு. அது வயிற்றுப் புழுவை வெளியேற்றும் மருந்து. அப்பெயரைக் கண்டு, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தெனப் பண்டையோர் அறிந்திருந்தனர் எனக் கூறுவது சொல்லின் காலத்தை மறந்த உரையாகும்.

சொத்தைப் பல்லுக்குக் கண்டங்கத்திரி விதையை அனலிலிட்டு அப்புகையைப் பிடித்தல் நம் நாட்டு வழக்கு. பல்லிலுள்ள புழு அதனால் வெளியேறும் என்பது நம்பிக்கை. பற்புழு பற்றிய இந்நம்பிக்கை பாபிலோனியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்ததே. பற்சொத்தையில் அத்தகைய புழு இல்லை. அதனை விளைப்பதில் முதன்மையான பாக்டீரியா 1924-இல்தான் இனங்காணப்பெற்றது. குருநாடி என்னும் சித்த மருத்துவ நூல் பல நோய்களுக்குக் கிருமியைக் காரணமாகக் கூறுவதும் உண்மையே. ஆயினும் அங்கும் புழுவின் கடியும் ஊர்தலும் போன்ற உவமைகளே பொருளை விளக்குகின்றன. கண்ணுக்குப் புலனாகா ஒற்றையுயிரி என்னும் கருத்து அங்கு இல்லை.

கண்ணுக்குப் புலனாகா உயிர் என்னும் கருத்தே தமிழகத்தில் இல்லை என்றும் கூறுதல் ஆகாது. நீரிலும் காற்றிலும் மண்ணிலும் நுண்ணிய உயிர்கள் நிறைந்துள்ளன என்பது சமணர் கொள்கை. ஆயின் அவ்வுயிர்களைத் தீங்கு செய்யும் பகையாக அவர் கருதவில்லை. அவற்றிற்குத் தாம் தீங்கிழைத்தல் ஆகாது என்றே அஞ்சினர். நோய்க்குக் காரணம் கிருமி என்றோர் அதனைப் புழுவாகக் கண்டனர். நுண்ணுயிர் உண்டு என்றோர் அதனை நோய்க்குக் காரணமாகக் கண்டிலர். இவ்விரு கருத்தும் ஒன்றாய் இணைந்தமை, 1670-களில் டச்சு நாட்டு லீவன்ஹூக் தாம் செய்த உருப்பெருக்கியால் பாக்டீரியாவைக் கண்டு, அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்துப் பாஸ்டரும் காக்கும் நோயோடு அதனைத் தொடர்புபடுத்திய பின்னரே ஆகும். அக்கருத்து தமிழகத்திற்கு வந்தபொழுது, கிருமி என்னும் பழஞ்சொல் அதற்கு இடங்கொடுத்து, புதுப்பொருள் ஏற்றது. சொற்பொருள் விரிந்த வரலாறு இது. அறிவியல் முன்னறிவிப்பின் வரலாறு அன்று.

இதனால் நம் மருத்துவத்திற்கு இழுக்கொன்றும் இல்லை. காரணத்தை வேறாகக் கருதியோரும் பயனைச் செம்மையாகக் கண்டறிதல் உண்டு. கருதிய காரணத்தையும் கண்ட பயனையும் பிரித்துக் காட்டுவதே உரையாசிரியன் கடமை.

4. எம்மரம்?

சங்க நூல்களிற் கடுக்கை என்பது பொன்னிறப் பூவுடைய கொன்றை. கடுக்காய் என்பது கடுமரத்தின் காய். தாவரவியலார் டெர்மினாலியா செபுலா என வழங்குவது. ஈற்றில் வரும் வேறுபாடு சிறிது. மரங்களோ இரண்டு வேறு குடும்பத்தின. கொன்றையின் காய்ச்சதையும் மலமிளக்கியாகப் பயன்படுவது. ஆதலின் பயனைக் கொண்டு பிழையைக் கண்டுபிடித்தலும் எளிதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இடாமையும், காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்றலும் பதிப்பாசிரியர் நன்கறிந்த இடர்கள். மருத்துவச் செய்யுட்கள் எதுகை மோனை கருதிக் கடு, அரிதகி, அபயம் எனக் கடுக்காய்க்குப் பல பெயர் வழங்கும். அவற்றுள் கடு என்பது நஞ்சிற்கும் பெயர். பரிபாடை எனப்படும் மறைமொழியும் சேருமாயின் இடர் இன்னும் பெருகும்.

நெல்லியை நோக்குக. அதியமான் ஒளவைக்கு அளித்ததாகப் புறநானூறு கூறுவது மலைப்பிளவில் விளைந்த மரநெல்லியின் கனி. கீழாநெல்லியோ ஒரு சாண் உயரப் பூண்டு. அரநெல்லி பிறிதொரு மரம். மூன்றும் ஒரே பேரினத்தைச் சார்ந்தனவேனும் இவற்றின் சாரங்கள் ஒருதன்மையன அல்ல. வாய்விளங்கத்தின் நிலை இதனினும் கடிது. எம்பீலியா ரைப்ஸ் என்பதே அப்பெயர்க்குரிய தாவரமாக மருத்துவ நூலார் கொள்வது. ஆயின் கடைகளில் அதே பேரினத்தின் வேறோர் இனமும் அப்பெயராலேயே விற்கப்படுகின்றது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய காயைக் கொண்டு சோதனை செய்து, பெயரை மட்டும் நூலினின்று எடுத்து எழுதுவோர் எதனைச் சோதித்தனர் என்பது ஐயத்திற்கிடமாகும்.

இத்துறையில் நமக்கு முன்னோடிகள் உளர். டி. வி. சாம்பசிவம் பிள்ளை தொகுத்த மருத்துவப் பேரகராதியும், பி. எல். சாமி 1967-இல் வெளியிட்ட சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கமும், கு. சீனிவாசன் எழுதித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சங்க இலக்கியத் தாவரங்களும் சொல்லையும் செடியையும் இணைத்துக் காணும் நெறியை வகுத்தன. அந்நெறி சங்க நூல்களளவில் நன்கு செல்ல, மருத்துவ நூல்களளவில் இன்னும் நெடுந்தொலை செல்லவேண்டியுள்ளது.

5. பிஞ்சும் காயும் கனியும் தோலும்

மரம் தெளிந்த பின்னர் உறுப்பும் பருவமும் தெளிதல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் புறக்காழுடையதைப் புல் என்றும் அகக்காழுடையதை மரம் என்றும் வகுத்து, இரண்டற்கும் உரிய உறுப்புப் பெயர்களை வேறுவேறு தொகுத்து, காய், பழம், தோல், செதிள், வீழ் ஆகியவற்றை இரண்டற்கும் பொதுவெனக் கூறும். காயும் பழமும் அங்கே தனித்தனிப் பெயர்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்பெறுவதனைத் தமிழ் பிஞ்சு, காய், செங்காய், கனி எனப் பருவந்தோறும் பிரித்துரைக்கும். ஆய்வேடுகளில் இவையனைத்தும் கனிச்சாரம் என்னும் ஒரே தொடருள் அடங்கிவிடுகின்றன.

இப்பிரிவு பெயரளவினது அன்று, வேதியியலளவினது. பழுக்குந்தோறும் பெரும்பான்மைக் காய்களில் துவர்ப்பு குறைந்து இனிப்பு மிகும். வாழைக்காயை வெட்டினால் கையிற் கறைபடுவதும், கனியில் அஃது இன்மையும் யாவரும் அறிந்ததே. வில்வத்தின் பிஞ்சு கழிச்சலை நிறுத்தும் எனவும், அதன் பழம் மலத்தை இளக்கும் எனவும் மருத்துவர் கூறுவர். ஒரே மரத்தின் ஒரே உறுப்பு இரு பருவத்தில் எதிர்மாறான பயன் தருகின்றது. வில்வக்கனிச்சாரம் என்று மட்டும் எழுதுவோர் எதனைக் குறித்தார் என அறிய வழியில்லை.

உறுப்பினுள்ளும் பிரிவு உண்டு. மாதுளையில் துவர்ப்பொருள் மிக்கிருப்பது நாம் உண்ணும் மணியிலன்று, எறியும் தோலிலாகும். கடுக்காயில் கொட்டையை நீக்கித் தோலை மட்டும் கொள்ளவேண்டும் என்பதும், சுக்கின் புறத்தோலைச் சீவியே கொள்ளவேண்டும் என்பதும், முன்னதற்கு நஞ்சு அகத்தது, பின்னதற்குப் புறத்தது என்பதும் மருத்துவர் வழக்கு. துவர்ப்பொருள் கடுக்காயின் தோற்பகுதியிலேயே மிக்கிருத்தலால், கொட்டையொடு சேர்த்து அரைத்த பொடியும் கொட்டை நீக்கிய பொடியும் ஒரே செறிவின ஆகா. இவ்விதியை அறியாது முழுக்காயையும் அரைத்துச் சோதித்துவிட்டு, நூல் கூறிய ஆற்றல் காணப்படவில்லை என முடிவு கூறினால், குறை நூலின்மேல் ஏறும்.

கடுக்காயில் பிஞ்சுக்கடுக்காய், கருங்கடுக்காய், செங்கடுக்காய், வரிக்கடுக்காய், பால்கடுக்காய் என வகை கூறுவர். இவற்றுட் சில பருவத்தால் வேறுபட்டன. சில விளைநிலத்தாலோ இனத்தாலோ வேறுபட்டனவாகலாம். ஈரான் நாட்டு ஆய்வாளர் 2001-இல் வயிற்றுப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவின்மேல் கடுக்காய்ச் சாரத்தைச் சோதித்தபொழுது, தாம் கொண்டது கருங்கடுக்காய் என்பதைத் தலைப்பிலேயே குறித்தனர். சரக்கின் வகையைச் சுட்டும் அவ்வழக்கம் நம்மவர் பின்பற்றற்குரியது.

6. சாறும் குடிநீரும்

இனி மருந்தாக்கும் முறை. சித்த மருத்துவம் உள்மருந்து 32, புறமருந்து 32 என வகுக்கும். உள்மருந்துகளுள் முதலில் நிற்பன சாறு, சுரசம், குடிநீர், கற்கம் முதலியன. பச்சைப் பொருளைப் பிழிந்தது சாறு. நீரிலிட்டுக் காய்ச்சி வற்றவைத்து வடித்தது குடிநீர். அரைத்த விழுது கற்கம். உலர்த்திப் பொடித்தது சூரணம். சாறும் குடிநீரும் ஒரு சாமம், அஃதாவது 3 மணி நேரமே ஆற்றலோடு நிற்கும் எனவும், சூரணம் 3 திங்கள் நிற்கும் எனவும் காலவரையறை கூறுவர். காய்ச்சிய மருந்துநீர் கெடும் என்னும் பட்டறிவு அவ்வரையறையில் உளது.

இம்முறைப் பெயர்கள் எத்துணை இன்றியமையாதன என்பதற்குச் சீனநாட்டு வரலாறு சிறந்த சான்று. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தேடும் பணி அங்கு 1967-இல் தொடங்கிற்று. சிங்ஹாவ் என்னும் பூண்டின் சாரம் ஒருகால் பயன் தந்தும் ஒருகால் தராதும் ஆய்வாளரை மயக்கிற்று. தூ யூயூ என்னும் அம்மையார், 4-ஆம் நூற்றாண்டினரான கே ஹோங் எழுதிய மருத்துவ நூலை மீண்டும் படித்தார். அந்நூல் அப்பூண்டினைக் காய்ச்சுமாறு கூறாது, நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு கூறியிருந்தது. வெப்பத்தால் மருந்துப்பொருள் சிதைகின்றது போலும் என ஊகித்த அவர், குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாரம் எடுத்தார். 1971-இல் அது வெற்றி தந்தது. அதுவே ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்து. அதற்காக அவர் 2015-இல் நோபெல் பரிசு பெற்றார். மேலும், சிங்ஹாவ் என்னும் பெயரைத் தாவரவியலார் ஏற்றிக் கூறிய மற்றொரு செடியில் அம்மருந்துப்பொருள் இல்லை. எச்செடி, எம்முறை என்னும் இரு வினாவும் அங்கே சொல்லாராய்ச்சியால் விடை பெற்றன. ஒரு வினைச்சொல்லை ஊன்றிப் படித்தமை எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

கடுக்காயின் இயல்பு இதற்கு மாறானது. மேற்கூறிய 2001-ஆம் ஆண்டு ஆய்வு, கடுக்காயின் நீர்ச்சாரத்தில் உள்ள செயற்பொருள் வெப்பத்தைத் தாங்குவது எனக் கண்டது. ஆதலின் கடுக்காயைக் குடிநீராகக் காய்ச்சுதல் அதன் ஆற்றலைக் கெடுக்கவில்லை. பிழிக என ஒரு நூலும் காய்ச்சுக என ஒரு நூலும் கூறின், அவை இருவேறு அறிவுரைகள். இன்றைய ஆய்வேடுகள் பலவற்றில் நூல் கூறிய குடிநீர் முறை விடப்பெற்று, எளிதாயிருத்தல் பற்றிச் சாராயச் சத்திலோ குளோரோபாமிலோ சாரம் எடுக்கப்பெறுகின்றது. அச்சோதனையும் பயனுடையதே, ஆனால் அதன் முடிவு நூல் கூறிய மருந்தைப் பற்றிய முடிவாகாது.

7. துணியில் ஏறிய துவர்

இந்நான்கு தெளிவும் பெற்ற பின்னர், முதலிற் கூறிய கட்டுத்துணிக்கு மீள்வோம். கடுக்காய்க்கும் பருத்திக்கும் உள்ள உறவு பழையது. பருத்தி நூல் சாயத்தை எளிதிற் பற்றாது. ஆதலின் சாயமிடுவோர் முதற்கண் துணியைக் கடுக்காய் நீரில் தோய்ப்பர். துவர்ப்பொருள் நூலிழையைப் பற்றி, பின்வரும் படிகாரத்திற்கும் சாயத்திற்கும் பிடிப்பாகின்றது. கடுக்காய் நீரோடு அன்னபேதி சேரின் கருமை உண்டாகும்; பழைய எழுதுமையும் கருஞ்சாயமும் இவ்வழிப் பிறந்தவை. துவர்ப்பொருள் துணியில் நிற்கும் என்பது சாயத்தொழிலாளர் நெடுங்காலமாக அறிந்ததாகலின், நுண்ணுயிரைத் தடுக்கும் துணிக்கு அதனைக் கருதுதல் இயல்பே.

ஆயினும் கட்டுத்துணிக்கு நிறமின்மையும் நீரை விரைந்து உறிஞ்சுதலும் இன்றியமையாப் பண்புகள். கடுக்காய் துணிக்கு மஞ்சள் சார்ந்த நிறம் தரும். இழையின் மேற் படியும் துவர் உறிஞ்சுதலைக் குறைக்கவும் கூடும். துணியை நீராவியில் 121 பாகை வெப்பத்தில் தூய்மை செய்யுமிடத்து, வெப்பந்தாங்கும் இயல்பு அதற்குத் துணையாகும். தட்டில் வளையம் காட்டிய சாரம் துணியில் ஏறிய பின்னும் செயற்படுகின்றதா, சீழும் குருதியும் ஆகிய புரதங்கள் நிறைந்த புண்ணில் அவற்றையே பற்றிப் பயனிழந்து விடுகின்றதா, புதிதாய் வளரும் தசைக்கு ஊறு செய்கின்றதா என்பன அடுத்தடுத்து விடைகாண வேண்டிய வினாக்கள். தட்டிலிருந்து புண்ணுக்கு உள்ள தொலைவு இத்துணை.

இத்தொலைவை மறத்தல் தீங்கு பயக்கும். அறிந்த மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என 2022-இல் வெளியான கணக்கீடு கூறும். புதிய மருந்து தேடுதல் அதனாலேயே இன்றியமையாதது. அதே காரணத்தால், முன்னோர் கூறினர், ஆய்வுக்கூடமும் ஒப்பிற்று எனக் கேட்ட நோயாளி ஒருவர் உரிய மருந்தைக் கைவிடின், அவர்க்கு நேரும் கேட்டில் அவ்வுரையை எழுதியோர்க்கும் பங்குண்டு. சான்று அமையாத பெருமையுரை இலக்கிய மேடையில் பிழையாக மட்டும் நிற்கும். மருத்துவத்தில் அஃது உயிரைத் தொடும்.

8. தமிழாய்வாளர் பணி

எனவே முதுகலை, முனைவர் பட்ட மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகள் சில உள. மருத்துவ நூல்களின் சொல்லடைவுகளை மரம், உறுப்பு, பருவம், ஆக்கமுறை, நோய் என்னும் ஐந்து தலைப்பில் தொகுத்தல் முதலாவது. சுவடிகளை ஒப்புநோக்கி, மரப்பெயர்களில் பாடவேறுபாடு காட்டல் இரண்டாவது. பதார்த்தகுண சிந்தாமணி போன்ற அச்சு நூல்களிலும் இப்பணிக்கு இடமுண்டு. மூன்றாவது களப்பணி. திருவில்லிபுத்தூர் மலையில் வாழும் பளியர் ஒரு காயை எப்பெயரால் வழங்குகின்றனர், எத்திங்களில் எப்பருவத்தில் பறிக்கின்றனர், எப்பகுதியை நீக்குகின்றனர் என்பன எழுதாக் கிளவியாய் நிற்கும் சான்றுகள். அவற்றைப் பதிவு செய்வோர், வனத்துறையின் இசைவும் அம்மக்களின் உடன்பாடும் பெற்று, சொன்னவர்க்கு உரிய மதிப்பும் நல்கி, பெயரோடு செடியின் உலர்மாதிரியையும் சேர்த்தல் வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரத் தொகுப்பும், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் இராபினாட் தொகுப்பும் அம்மாதிரிகளை ஒப்பிட்டு இனங்காண உதவுவன. மாதிரியில்லாத பெயர், மேற்கோள் காட்டாத கூற்றினை ஒக்கும்.

கிருட்டிணன்கோவிலில் மருந்தியல் கல்லூரி உளது. இவ்வட்டாரத்துக் கல்லூரிகளில் தாவரவியலும் தமிழும் அருகருகே பயிற்றப்பெறுகின்றன. கடுக்காயைச் சோதிக்கும் மாணவரும், கடுக்காய் பற்றிய செய்யுளுக்குப் பொருள் காணும் மாணவரும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் பெரும்பான்மை. சோதனை தொடங்குமுன் அச்செய்யுளை இருவரும் உடனிருந்து ஒருகால் படிப்பாராயின், எக்காய், எப்பருவம், எப்பகுதி, எம்முறை என்னும் நான்கும் ஆய்வேட்டின் முதற்பக்கத்திலேயே விளங்கி நிற்கும். பின்வரும் அளவைகள் அனைத்தும் அந்நான்கின் மேல் நிற்பனவாகலின், தமிழாய்வாளர் அப்பக்கத்திற்குப் பொறுப்பேற்றல் முறையாகும்.